புகையைப் பார்க்கிறோம், பிறேக்கை யார் பார்ப்பது?

மலைநாட்டில் வாகனம் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுமா? அதே நாலு பேரோடு அந்த மேட்டிலிருந்து எப்படி இறங்கும் என்று மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை எவரும் கேட்டு நான் கண்டதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் வீதி விபத்துச் செய்திகளைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியவன் நான். "பிறேக் செயலிழந்ததால்" என்ற சொற்கள் அச்செய்திகளில் எத்தனை முறை என் கையைக் கடந்து போயின என்பதற்குக் கணக்கில்லை. ஒரு வாகனம் மேடு ஏற மாட்டாமல் நின்றுபோனால் அது செய்தியாவதில்லை.

நான் வசிப்பது பல்லேகலயில். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் ஏ26 வீதியில், தென்னெக்கும்புரப் பாலத்தால் மகாவலியைக் கடந்து குண்டசாலையையும் தாண்டினால் வரும் ஊர். வெளிநாடுகளில் இருக்கும் வாசகர்கள் பலருக்கு இது ஒரு கிரிக்கெட் மைதானத்தின் பெயராக மட்டுமே தெரிந்திருக்கும். மைதானத்தைவிடப் பழமையான கைத்தொழில் பேட்டையும் இங்கே உண்டு. போகம்பறைச் சிறைச்சாலை 2014இல் இடம்மாறி வந்ததும் இங்கேதான். கண்டி நகரம் நெரிசலில் மூச்சு முட்டும்போதெல்லாம் அதிலிருந்து எதையாவது பெயர்த்துப் பல்லேகலயில் வைப்பது நமது ஆட்சியாளர்களின் வழக்கம். இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடைசியில் ஒரு மலையில் ஏற வேண்டும், அல்லது ஒரு மலையிலிருந்து இறங்க வேண்டும்.

எனது வாகனம் ஒரு டொயோட்டா கொரோலா வேகன். 1990களில் ஜப்பானில் செய்யப்பட்டு, அங்கே தன் முதலாவது ஆயுளை முடித்துக்கொண்டு, 'ரீகண்டிஷன்' என்ற பட்டத்தோடு இலங்கைக்கு வந்தது. 1974 சி.சி. டீசல் எஞ்சின், ஒட்டோ கியர். இவ்வகை வாகனங்களை நம்மவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சேஸி இலக்கத்தைச் சொன்னால்தான் புரியும். 'சி.ஈ.106 ஒன்று இருக்கிறது', 'சி.ரி.190 தேடுகிறேன்' என்றுதான் பேச்சு. இதில் ஒரு சின்ன இலக்கணம் உண்டு. முதல் எழுத்து எஞ்சினின் குடும்பத்தையும் இரண்டாவது எழுத்து வாகனத்தின் குடும்பத்தையும் குறிக்கும். சி என்றால் டொயோட்டாவின் சி வகை டீசல். ஈ என்றால் கொரோலா, ரி என்றால் கொரோனா அல்லது கரீனா. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாத தரகர்களும் இந்த இலக்கணத்தில் பண்டிதர்கள்.

வேகன் என்ற உடலமைப்புக்கு இந்நாட்டில் நீண்ட மரபு இருக்கிறது. தோட்டத் துரைமாரின் பீஜோக்களும் மரச்சட்டம் வைத்த மொறிஸ் மைனர்களும் முதலில் வந்தன. பின்னர் நடுத்தரக் குடும்பங்களின் டி.எக்ஸ். வேகன் வந்தது. அதற்குப் பிறகு வந்தவை இந்த டீசல் வேகன்கள். ஐந்து பேர் உட்காரலாம், பின்கதவை மேலே தூக்கினால் தேங்காய் மூட்டையும் பொங்கல் பானையும் வைக்கலாம். பின்னிருக்கையை மடித்தால் ஒரு சிறு லொறி. ஆகவேதான் பலர் இதைக் காராகப் பதியாமல் இரட்டைப் பாவனை வாகனமாகப் பதிந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கும் நுவரெலியாவில் ஒரு மரணச் சடங்குக்கும் கட்டுநாயக்காவிலிருந்து தலைக்கு இரண்டு 23 கிலோ பெட்டிகளோடு வந்திறங்கும் கனடா உறவினருக்கும் இதே வண்டிதான்.

இது எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்கிறேன். காலையில் சாவியைத் திருப்பியதும் சுருள் கம்பி வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுக்க வேண்டும். எஞ்சின் உயிர்பெற்றதும் வண்டி முழுவதும் ஒருமுறை சிலிர்க்கும். பிறகு அம்மியில் மிளகாய் அரைப்பது போன்ற ஒரு சத்தம், அன்று முழுவதும் அதுதான் துணை. கியர்த் தடியை 'டி'யில் போட்டுப் பிறேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே ஊர்ந்து புறப்படும். கண்டி நெரிசலில், கட்டுகஸ்தோட்டையிலிருந்து மணிக்கூண்டு வரையில் ஒரு மணித்தியாலம் ஊர்ந்து போகிறவனுக்கு இந்த ஊர்தல் பெரிய வரம். இடது காலுக்கு முழு ஓய்வு. அறுபது வயதைத் தாண்டிய முழங்காலுக்கு இதன் அருமை தெரியும்.

இதன் வலு 70 குதிரையைச் சற்றே தாண்டும், டர்போ கிடையாது. வேகம் எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார். ஒரு பஸ்ஸை முந்த வேண்டுமானால் அடுத்த நேர்பாதையிலா, அதற்கடுத்த நேர்பாதையிலா என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆனால் டீசல் எஞ்சினின் குணம், குறைந்த சுழற்சியிலேயே இழுக்கத் தொடங்குவது. ஒட்டோ கியருக்கும் எஞ்சினுக்கும் இடையில் எண்ணெயால் இயங்கும் ஓர் இணைப்பு இருக்கிறது. புறப்படும்போது அது எஞ்சினின் முறுக்குவிசையை மேலும் பெருக்கிக் கொடுக்கும். இந்த இரண்டும் சேரும்போது, ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் தெல்தெனியவைக் கடந்து ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஏறும். சிறிய பெற்றோல் கார்கள் அலறிக்கொண்டு ஏறும் இடத்தில் இது முணுமுணுத்துக்கொண்டு ஏறும். ஏறும்போது கடைசிக் கியருக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையில் பெட்டி தடுமாறினால், தடியின் பக்கத்திலுள்ள ஓவர்டிரைவ் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். வெப்பமானியின் முள்ளில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். இந்த எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம். ஒருமுறை கொதித்தால் விரிசல் காணும், பிறகு செலவுக்கு எல்லையில்லை.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு போதும். ஹுன்னஸ்கிரியவைத் தாண்டியதும் வீதி மஹியங்கனைச் சமவெளியை நோக்கிக் கவிழ்கிறது. இதுதான் பேர்பெற்ற பதினெட்டு வளைவு. வீதியை அகலப்படுத்தியபின் எண்ணிப் பார்க்கிறவர்கள் பதினேழுதான் என்கிறார்கள், பெயர் மட்டும் பதினெட்டாகவே நிற்கிறது. கொழும்புப் பக்கம் போனால் கடுகண்ணாவை. நுவரெலியாவிலிருந்து திரும்பினால் றம்பொடை, புசல்லாவை.

இறக்கத்தில் நடப்பது என்ன என்பதைப் பள்ளிக்கூடப் பௌதிகத்தால் கணக்கிடலாம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள ஒரு வாகனம் 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிவிடும் சக்தி, நாலரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அடுத்த 100 மீற்றருக்கு இன்னொரு நாலரை லீற்றர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். காற்றும் ரயரும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி வெப்பம் முழுவதையும் எஞ்சின் ஏற்க வேண்டும், அல்லது சாப்பாட்டுத் தட்டளவு இரும்புத் தட்டுகள் இரண்டும் பின்சில்லுகளின் உட்புறமும் ஏற்க வேண்டும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டொட் 3' என்ற சாதாரண வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பின்னர் அதே எண்ணெய்க்கு விதி கேட்பது 140 பாகைதான். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அப்போது பிறேக்கை மிதித்தால் கால் பஞ்சில் புதைவது போல இறங்கும், வண்டி நிற்காது. ஆறிய பின்னர் பொலிஸார் பரிசோதித்தால் பிறேக் ஒழுங்காக வேலை செய்யவும் கூடும்.

இனி ஒட்டோ கியர் விடயம். கனடாவிலிருந்து வந்த என் தமக்கையின் மகனைக் கட்டுநாயக்காவுக்கு வழியனுப்பப் போனபோது, கடுகண்ணாவை இறக்கம் தொடங்கும் இடத்தில் நான் ஓவர்டிரைவை நிறுத்திவிட்டுத் தடியை '2'க்கு இழுத்தேன். எஞ்சின் உறுமியது. அவன் பதறிவிட்டான்.

"மாமா, 'டி'யிலேயே விட்டால் கார் தானாகப் பார்த்துக்கொள்ளாதா?"

"உன்னுடைய கார் பார்த்துக்கொள்ளும் தம்பி. இது பார்த்துக்கொள்ளாது," என்றேன்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைய கார்கள் பலவற்றில் கணினி இருக்கிறது. ஓட்டுநர் காலை எடுத்தும் வேகம் கூடுவதைக் கண்டால், இது இறக்கம் என்று விளங்கிக்கொண்டு அது தானே கீழ்க் கியருக்கு மாற்றும். முப்பது ஆண்டுப் பழைய ஒட்டோ கியருக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு: வண்டி என்ன வேகத்தில் போகிறது, ஓட்டுநர் மிதியை எவ்வளவு அமுக்கியிருக்கிறார். வீதி சாய்ந்திருப்பது அதற்குத் தெரியாது. இறக்கத்தில் நாம் காலை எடுக்கிறோம். 'இவருக்கு வலு தேவையில்லை' என்று அது முடிவு செய்து, ஆக உயர்ந்த கியருக்குத் தாவுகிறது. அந்தக் கியரில் எஞ்சின் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது மிகக் குறைவு. எந்த இடத்தில் தாங்கல் தேவையோ அந்த இடத்தில் பார்த்துப் பிடியை விட்டுவிடுகிறது. ஆகவே ஓட்டுநர்தான் கையால் சொல்ல வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது ஒட்டோ கியருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

டீசல் வண்டியென்றால் எஞ்சின் தானே இறுக்கிப் பிடிக்கும் என்றொரு நம்பிக்கையும் நம்மவரிடையே உண்டு. பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்றுக்கதவு அடைபடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி எஞ்சின் தடுமாறும், அதுவே தாங்கலாகிறது. டீசல் எஞ்சினின் வலுவைக் கட்டுப்படுத்துவது உள்ளே விடப்படும் டீசலின் அளவு, காற்று பெரும்பாலும் தாராளமாகவே போய்வரும். அழுத்தப்பட்ட காற்று திரும்ப விரியும்போது கொடுத்ததில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். பெரிய லொறிகளுக்கும் பஸ்களுக்கும் புகைக்குழாயை அடைக்கும் தனிப் பிறேக் பூட்டுவதற்குக் காரணம் இதுதான். குடும்ப வேகனில் அந்த வசதி கிடையாது. கீழ்க் கியரில் சுழற்சியைக் கூட்டி வைத்திருப்பதே ஒரே வழி.

இதைவிடக் கவனிக்கப்படாத விடயம் ஒன்று உண்டு. பிறேக்கை மென்மையாக்கிக் கொடுக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் தேவை. பெற்றோல் காரில் அதை எஞ்சினின் உள்மூச்சே கொடுத்துவிடும். டீசலில் அது கிடையாது என்பதால் தனியாக ஒரு பம்ப் வைக்கிறார்கள். டொயோட்டாவின் சி வகை எஞ்சின்களில் அந்தப் பம்ப், மின்சாரம் உற்பத்தி செய்யும் ஒல்டர்நேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சுழற்றுவது இறப்பர் பட்டிதான். பட்டி அறுந்தால் பற்றரி விளக்கு சிவப்பாக எரியும். பெற்றோல் கார் வைத்திருந்து பழகியவர், பற்றரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணி ஓட்டிக்கொண்டே இருப்பார். நாலைந்து முறை மிதித்ததும் சேமிப்பில் இருந்த வெற்றிடம் தீர்ந்து, பிறேக் மிதி கல்லாகிவிடும். குண்டசாலையில் எனது வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், வயதில் என் மகனைப் போன்றவர், முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தப் பட்டியைத்தான். "ஐயா, எஞ்சின் பழுதானால் வீதியோரத்தில நிப்பீங்க. இது போனா நிக்கவே மாட்டீங்க," என்று ஒருநாள் சொன்னார். எனது பத்திரிகை வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல தலைப்புகளில் அதுவும் ஒன்று.

2022இல் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். 2021 ஜூனில் லீற்றர் 111 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. நாட்கணக்கான வரிசைகள். பிறகு கியூ.ஆர். முறை, காருக்கு வாரம் 20 லீற்றர். அவ்வாண்டு ஒக்டோபரில் 92 ஒக்டேன் பெற்றோல் 370 ரூபாவுக்கு இறங்கியபோது டீசல் 415 ரூபாவில் நின்றது. டீசல் மலிவு என்பதற்காக இவ்வண்டிகளை வாங்கியவர்களுக்கு அது ஒரு விசித்திரமான காலம். அந்த நாட்களில்தான் இறக்கங்களில் தடியை நியூட்ரலில் போட்டு உருட்டும் வழக்கம் பரவியது. சிலர் எஞ்சினையே நிறுத்தி உருட்டினார்கள். டீசல் மிச்சமாகிறது என்பது அவர்கள் எண்ணம். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் பம்ப் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் தன்னை உயிரோடு வைத்திருக்க டீசலைக் குடிக்கும். நிறுத்திவிட்டாலோ வெற்றிடப் பம்பும் நின்றுபோகும். மிச்சமும் இல்லை, பிறேக்கும் இல்லை. தட்டுப்பாடு தீர்ந்த பின்னரும் அந்தப் பழக்கம் தீரவில்லை.

இவையெல்லாம் ஒரு பழைய வேகனின் புராணம் என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. 2010களில் வந்து குவிந்த ஹைபிரிட் கார்கள் இறக்கத்தில் பற்றரியை ஏற்றிக்கொண்டு வண்டியைத் தாங்கும். நீண்ட இறக்கத்தின் நடுவழியில் பற்றரி நிறைந்துவிட்டால் அந்தத் தாங்கலும் குறைந்துபோகும். பிரியஸின் தடியில் 'பி' என்றொரு எழுத்து இருப்பது இதற்காகவே. அதை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. நான் பார்த்த அளவில் நமது சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் பின்னோக்கி எடுப்பதையும் ஓரமாக நிறுத்துவதையும் கற்பிக்கின்றன. கண்டி மாவட்டத்தில் பயிலும் ஒருவருக்குக்கூட, ஒட்டோ கியரோடு ஒரு மலையை இறங்கும் முறை பாடமாக வருவதில்லை.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லையில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் இறக்கத்தில் கட்டுமீறி ஒரு வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். வானில் இருந்தவர்கள் மலையகத் தமிழ்க் குடும்பத்தினர். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர். ஒவ்வொன்றின் காரணமும் தனித்தனியே விசாரணைக்குரியது. இவை பெரிய எண்ணிக்கைகள் என்பதால் நினைவில் நிற்கின்றன. ஒருவர், இருவர் இறக்கும் விபத்துகள் மறுநாள் உட்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடும். அந்த நாலு வரியை எழுதியவர்களுக்குத்தான் அவற்றின் தொகை எவ்வளவு என்று தெரியும்.

இந்த நாட்டில் 2008 முதல் புகைப் பரிசோதனை இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் அந்தச் சான்றிதழ் வேண்டும். அதை நான் வரவேற்கிறேன். என் போன்ற டீசல்காரர்கள் புகையைப் பற்றி வாய் திறக்கக் கூச வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியானவை என்ற முதலாம் பிரிவில் சேர்த்தது. கண்டி நகரமோ மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். விட்ட புகை வெளியேற வழி குறைவு. 1990களின் எஞ்சின்களில் புகையை வடிகட்டும் கருவி எதுவும் கிடையாது. சீராகப் பராமரித்தால் புகை குறையுமே தவிர, இல்லாமற் போகாது. ஐரோப்பாவில் வாழும் நம்மவர் பலர், அங்கே குடும்ப வண்டி என்றாலே டீசல் வேகன் என்றிருந்த காலத்தில் வொல்க்ஸ்வாகன் வேகன்களை வாங்கினார்கள். 2015 செப்டெம்பரில் அமெரிக்க அதிகாரிகள் அந்த நிறுவனத்தின் தில்லுமுல்லை அம்பலப்படுத்தினார்கள். பரிசோதனை மேசையில் மட்டும் சுத்தமாக மூச்சுவிடும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்கள். டீசல் காருக்கான காலம் முடிந்து வருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் புகைக் குழாய்க்குள் கோலை விட்டுப் பார்க்கும் அதே அரசு, அதே காரின் பிறேக்கைப் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. அது எவ்வளவு கண்டிப்போடு கொடுக்கப்படுகிறது என்பது வேறு கதை. தனியார் காருக்கு அதுவும் இல்லை. ஒரு கார் இந்நாட்டில் பதியப்பட்ட நாளிலிருந்து பழைய இரும்புக்குப் போகும் நாள் வரை அதன் பிறேக்கை அரசு சார்பில் எவரும் தொட்டுப் பார்க்காமலே முப்பது ஆண்டுகள் ஓடிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வேகன்கள் பிறந்த நாட்டில் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. புதிய தனியார் காருக்கு மூன்றாம் ஆண்டில், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சரக்கு வகையில் பதியப்படும் வேகனுக்கு முதல் இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும். சில்லுகளை உருளைகளின் மேல் ஏற்றி, ஒவ்வொரு சில்லின் பிறேக்கும் எவ்வளவு பிடிக்கிறது என்று இயந்திரம் அளக்கும். அந்தப் பரிசோதனையின் செலவுக்கு அஞ்சித்தான் ஜப்பானியர் நல்ல நிலையிலுள்ள வண்டிகளையும் கைவிடுகிறார்கள், அவைதாம் நமக்கு வருகின்றன. சமதரையில் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்ட வண்டி, கடுகண்ணாவைக்கு வந்த பிறகு பரிசோதனையிலிருந்து விடுதலை பெறுகிறது. பிரித்தானியாவில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஓ.ரி., ஜெர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. லண்டனிலும் டோர்ட்மண்டிலும் வாழும் வாசகர்கள் அதன் கெடுபிடியை நொந்துகொண்டே கட்டணம் செலுத்துவதை நான் அறிவேன். ஊருக்கு வந்து வான் வாடகைக்கு எடுக்கும்போது அந்தக் கெடுபிடி இங்கே இல்லை என்பதையும் அவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

நமது அரசின் கண் வேறோர் இடத்தில் இருக்கிறது. அது எஞ்சினின் சி.சி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. வரி சி.சி. கணக்கில்தான், டீசலுக்கு இன்னும் கூடுதலாக. திறைசேரிக்குப் பணம் வேண்டும் என்பது விளங்குகிறது. ஐந்தாண்டுத் தடையாலும் இந்த வரியாலும் விளைந்தது என்ன? 1990களின் வண்டிகள் ஓய்வுபெற வேண்டிய வயதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய வேகனின் விலை அதை வாங்கிய விலையைவிடப் பன்மடங்கு. அதிலும் முடியாதவர்கள், நாலு பேருக்கென்று செய்யப்பட்ட 660 சி.சி. வண்டியில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்து, பிரதான வீதிகள் பல மண்சரிவால் மூடப்பட்டபோது, இந்த வண்டிகளெல்லாம் இன்னும் செங்குத்தான, இன்னும் ஒடுங்கிய தோட்ட வீதிகளால் திருப்பி விடப்பட்டன.

பரிசோதனை என்றதும் எழும் மறுப்பை நான் அறிவேன். ஏழையின் வண்டியைப் பிடுங்கும் திட்டம் என்பார்கள். இன்னொரு வரிசை, இன்னொரு கையூட்டு என்பார்கள். பின்னதைச் சொல்கிறவர்களோடு எனக்கு அதிகம் முரண்பாடில்லை. ஆனால் நான் கேட்பது முழுப் பரிசோதனை அன்று. புகை பார்க்கும் நிலையங்கள் நாடு முழுவதும் ஏற்கெனவே இருக்கின்றன. வாகனம் எப்படியும் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போகிறது. அதே கொட்டகையில் ஓர் உருளை மேடையும் பிறேக் எண்ணெயின் ஈரத்தை அளக்கும் பேனா அளவுள்ள ஒரு கருவியும் இருந்தால், கூடுதலாகப் பத்து நிமிடம். அதுவும் உடனடியாக முடியாதென்றால், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைப் போல, பழைய வாகனம் கைமாறும்போது மட்டுமாவது ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கலாம். நமது நாட்டில் வேகன்கள் கைமாறும் வேகத்துக்கு அது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். தொடங்குவதென்றால் மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் தொடங்கட்டும். காலியில் பிறேக் பிடிக்காத வண்டி மதிலில் மோதும், இங்கே மதில் இருக்கும் இடத்தில் பள்ளம் இருக்கிறது.

சட்டம் வரும்வரை வேகன் வைத்திருப்போர் செய்யக்கூடியது, பிறேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது. ஒரு போத்தல் எண்ணெயும் மெக்கானிக்கின் அரைமணி நேரக் கூலியும்தான் செலவு. ஒல்டர்நேட்டர்ப் பட்டியையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கடுகண்ணாவையில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மாவனல்லை எல்லை வரை அணையாமலே எரிந்துகொண்டிருந்தால், அவர் 'டி'யில் இறங்குகிறார் என்று அறிந்து கொஞ்சம் இடைவெளி விட்டுப் போங்கள்.